கல்லூரி நிதியுதவிச் சொற்கள்: மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாள் முதல் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாள் வரை, ஒரு குடும்பம் பத்துப் பதினைந்து புதிய சொற்களைச் சந்திக்கிறது. அவற்றில் பாதியை வங்கியும், மீதியை அரசு அலுவலகமும் கல்லூரியும் பயன்படுத்துகின்றன. அர்த்தம் சொல்லித் தருபவர் அநேகமாக யாரும் இருப்பதில்லை. தமிழ்நாட்டில் பட்டப்படிப்பில் சேரும் மாணவரை மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்கான உதவிகள் இதில் இடம்பெறவில்லை.

கல்லூரியின் விளம்பரத் தாளில் "நிதியுதவி வசதி உண்டு" என்று போட்டிருக்கிறது. அதற்கு என்ன பொருள்?

அந்தச் சொற்றொடருக்குத் தனியாகப் பொருள் எதுவும் கிடையாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று விஷயங்கள் அந்த ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது கட்டணச் சலுகை. இதில் பணம் உங்கள் கைக்கு வராது, கட்ட வேண்டிய தொகை குறையும். இரண்டாவது கல்வி உதவித்தொகை. பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், திருப்பித் தர வேண்டியதில்லை. மூன்றாவது கல்விக் கடன். பணம் பெரும்பாலும் நேராகக் கல்லூரிக்குப் போகும், நீங்கள் வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டும். சேர்க்கை மேசையில் அமர்ந்திருப்பவர் "உதவி" என்று சொன்னால், பணத்தை யார் தருகிறார், யாருக்குத் தருகிறார், எப்போது தருகிறார், திருப்பித் தர வேண்டுமா என்ற நான்கையும் கேட்டுவிடுங்கள். இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால், அந்த "உதவி" பெரும்பாலும் ஏதோ ஒரு வங்கியின் கடனாகத்தான் இருக்கும்.

கல்விக் கட்டணமும் மொத்தக் கட்டணமும் ஒன்றா?

ஒன்றல்ல. மிகுதியான ஏமாற்றங்கள் தொடங்கும் இடம் இதுதான். கல்விக் கட்டணம் என்பது பாடம் நடத்துவதற்காக வாங்கப்படும் தொகை மட்டுமே. விடுதி, உணவு, பேருந்து, தேர்வு, ஆய்வகம், புத்தகம், திருப்பித் தரப்படும் காப்புத் தொகை ஆகியவை அதற்கு வெளியே நிற்கும். ஒரு சலுகை "கல்விக் கட்டணத்தில்" என்று சொன்னால் அது விடுதிக் கட்டணத்தைத் தொடாது. தொழிற்கல்வி வழங்கும் சுயநிதிக் கல்லூரிகளுக்கு மாநில அரசின் கட்டண நிர்ணயக் குழு உச்சத் தொகையை நிர்ணயிக்கிறது. கல்லூரி கொடுக்கும் கட்டணப் பட்டியலில் எந்தத் தலைப்பின்கீழ் எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்கிக்கொண்டால்தான் சலுகை எதன்மீது விழுகிறது என்று கணக்கிட முடியும். வங்கி மேலாளர் முதலில் கேட்பதும் அந்தப் பட்டியலைத்தான்.

முதல் பட்டதாரி சலுகையும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் ஒரே உதவியா?

இரண்டும் வேறு. குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பட்டம் பெறாதிருந்து, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்விப் படிப்பில் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் கிடைப்பது முதல் பட்டதாரி சலுகை. இதற்கு வருவாய்த் துறை வழங்கும் முதல் பட்டதாரி சான்றிதழ் தேவை. நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கியவருக்கு இது கிடைக்காது என்பதைப் பலர் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இந்தச் சலுகையைப் பெற்றிருந்தால் அடுத்த பிள்ளைக்கு மீண்டும் கேட்க முடியாது. "முதல்" என்ற சொல்லை இங்கே அப்படியே பொருள்கொள்ள வேண்டும்.

7.5 சதவீதம் என்பது அடிப்படையில் இட ஒதுக்கீடு. 2020இல் மருத்துவப் படிப்புகளுக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்றவற்றுக்கும் சட்டமாக வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை மாநில அரசே ஏற்கும். ஆகவே இதற்குத் தகுதியுள்ளவர் முதல் பட்டதாரி சலுகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தகுதியில்லாதவர் அதைத் தவறவிடக் கூடாது.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டப் பணத்தைக் கட்டணத்துக்குத்தான் செலவிட வேண்டுமா?

இல்லை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாயை மாணவரின் சொந்தக் கணக்கில் செலுத்துகின்றன. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் கைச்செலவுக்கும் அதைப் பயன்படுத்தலாம். கல்லூரி அதைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ள இடமில்லை.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, ஃப்ரீஷிப் கார்டு என்பவை என்ன?

"மெட்ரிக்" என்பது பத்தாம் வகுப்பைக் குறிக்கும் பழைய சொல். ஆகவே போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை என்றால் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய எல்லாப் படிப்புக்கும் உரியது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான திட்டத்தில் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2021இல் வந்த வழிகாட்டுதல்களின்படி மத்திய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமும் தருகின்றன. மத்திய அரசின் பங்கு மாணவரின் கணக்குக்கே நேரடியாக வருகிறது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கணக்கில் வந்த தொகையில் கல்லூரிக்குச் சேர வேண்டிய கட்டணமும் அடங்கியிருக்கும். அதைக் கைச்செலவுப் பணம் என்று நினைத்து வீட்டுத் தேவைக்கு எடுத்துவிட்டால், அடுத்த பருவத் தேர்வுக்கு முன் கல்லூரி நிலுவை கேட்கும்போது கையில் எதுவும் இருக்காது.

உதவித்தொகை வருவதற்கு முன்பே முன்பணம் கட்டாமல் கல்லூரியில் சேர்ந்துகொள்ள உதவுவது ஃப்ரீஷிப் கார்டு. அது பணமல்ல, "இந்த மாணவரின் கட்டணம் பின்னால் வரும்" என்று கல்லூரிக்குச் சொல்லும் அத்தாட்சி.

வருமான உச்சவரம்பு ஒவ்வொரு திட்டத்திலும் வேறாக இருக்கிறதே. எங்கள் குடும்பம் எதில் வரும்?

ஒரே குடும்பம் ஒரு திட்டத்துக்கு உள்ளேயும் இன்னொன்றுக்கு வெளியேயும் நிற்பது இயல்புதான். மேலே சொன்ன உதவித்தொகைக்கு 2.5 லட்சம். பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தில் முதல் இருபது சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு மத்திய அரசு வழங்கும் கல்லூரி உதவித்தொகைக்கு 4.5 லட்சம், அதில் இளநிலைப் படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தொழில்நுட்பக் கல்வி கற்கும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும் பிரகதி உதவித்தொகைக்கு 8 லட்சம். ஆகவே "எங்களுக்கு வருமானம் கூடுதல், எதுவும் கிடைக்காது" என்று ஒரே வரம்பைப் பார்த்து முடிவுகட்டிவிடக் கூடாது. வருமானச் சான்றிதழை இ-சேவை வழியாகச் சேர்க்கைக்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது. எல்லோரும் ஒரே வாரத்தில் வரிசையில் நிற்கும் சான்றிதழ் அது.

போன ஆண்டு உதவித்தொகை வந்தது, இந்த ஆண்டு வரவில்லை. காரணம் என்னவாக இருக்கும்?

"புதிய விண்ணப்பம்", "புதுப்பித்தல்" என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். பெரும்பாலான உதவித்தொகைகள் ஆண்டுதோறும் தாமாகத் தொடர்வதில்லை. மாணவர் புதுப்பிக்க வேண்டும். மேலே குறிப்பிட்ட மத்திய அரசுக் கல்லூரி உதவித்தொகைக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப் பதிவும் வேண்டும். விண்ணப்பித்தும் வரவில்லை என்றால், கல்லூரி அதைச் சரிபார்த்து மேலே அனுப்பியதா என்று முதலில் கேளுங்கள். அதன் பிறகு வங்கிக்குப் போய், ஆதார் எண் கணக்கோடு "சீடிங்" செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிந்து வைத்திருப்பது மட்டும் போதாது. நேரடிப் பணப் பரிமாற்றம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று காட்டும் பட்டியலில் உங்கள் கணக்கு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவருக்குப் பணம் மறந்துபோன பழைய கணக்கில் போய் உட்கார்ந்திருப்பதும் உண்டு.

கல்விக் கடனில் மார்ஜின், இணைக் கடன்தாரர், ஜாமீன்தாரர், பிணை என்று நான்கு சொற்கள் வருகின்றன. அவற்றை எப்படிப் பிரித்தறிவது?

மார்ஜின் என்பது செலவில் நீங்கள் உங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை மார்ஜின் கிடையாது. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம். கிடைத்த உதவித்தொகையை மார்ஜினாகக் காட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இணைக் கடன்தாரர் மாணவரோடு சேர்ந்து கையெழுத்திடும் தந்தையோ தாயோ. "சாட்சிக் கையெழுத்துதானே" என்று நினைத்துப் போடும் அந்தக் கையெழுத்து, கடன் முழுவதற்கும் அவரையும் பொறுப்பாக்குகிறது. ஜாமீன்தாரர் மூன்றாம் நபர்; கடன்தாரர்கள் கட்டத் தவறினால் அவரிடம் வங்கி கேட்கும். பிணை என்பது வீடு, நிலம், வைப்புத்தொகை போன்ற சொத்து.

4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். 7.5 லட்சம் வரையிலான கடன்களுக்கு அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. அதன்கீழ் வரும் கடனுக்குப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. ஆனால் இந்த உத்தரவாதம் வங்கிக்குத் தரப்படுவது, மாணவருக்கு அல்ல. நீங்கள் கட்டாவிட்டால் வங்கியின் நட்டத்தில் 75 சதவீதத்தை அந்த நிதி ஈடுசெய்யும். உங்கள் கடன் அப்படியேதான் இருக்கும். "கவர்ன்மென்ட் கேரண்டி உள்ள லோன்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

மொரட்டோரியம் காலத்தில் வட்டி உண்டா?

உண்டு. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றும் அளவுக்கு இதில் தவறான புரிதல் நிலவுகிறது. மொரட்டோரியம் என்பது தவணை கட்டாமல் இருக்க வங்கி தரும் விடுப்பு. வழக்கமாகப் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும். தவணைக்குத்தான் விடுப்பு. வட்டி முதல் தொகை கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். ஒரே ஆறுதல், இந்தக் காலத்தில் அது தனிவட்டி, அதாவது வட்டிக்கு வட்டி கிடையாது. மொரட்டோரியம் முடியும் நாளில்தான் சேர்ந்த வட்டி முழுவதும் அசலோடு கூட்டப்படுகிறது.

கணக்கிட எளிதாக ஓர் எடுத்துக்காட்டு. நான்காண்டுப் பொறியியல் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு லட்சம் ரூபாய் விடுவிக்கப்படுகிறது, வட்டி 10 சதவீதம் என்று கொள்வோம். முதல் லட்சம் ஐந்தாண்டுகள் நிலுவையில் இருந்து 50,000 ரூபாய் வட்டியை ஈட்டும். இரண்டாவது 40,000, மூன்றாவது 30,000, நான்காவது 20,000. ஆக 1,40,000 ரூபாய். வாங்கியது 4 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. பத்தாண்டுகளில் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 7,140 ரூபாய், மொத்தம் சுமார் 8.56 லட்சம். பதினைந்து ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 5,800 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்தம் 10.4 லட்சத்தைத் தாண்டும்.

இதே குடும்பம் மொரட்டோரியக் காலம் முழுவதும் வட்டியை மட்டும் கட்டிவந்தால், முதலாண்டில் மாதம் 833 ரூபாய், நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் 3,333 ரூபாய் என்ற அளவில் செலவாகும். தவணை தொடங்கும்போது கடன் 4 லட்சமாகவே இருக்கும், மாதத் தவணை 5,290 ரூபாய்க்குள் அடங்கும். இப்படி வட்டியைத் தவறாமல் கட்டுவோருக்குப் பல வங்கிகள் வட்டி வீதத்தில் 1 சதவீதம் வரை சலுகை தருகின்றன. முடியாதவர் கட்டாமல் இருப்பதில் தவறில்லை, அதற்காகத்தான் விடுப்பே இருக்கிறது. ஆனால் முதலாண்டின் 833 ரூபாயைக்கூடக் கட்ட முடியாதா என்று ஒருமுறை வீட்டில் உட்கார்ந்து பேசுவது வீண்போகாது.

வட்டி மானியம் கிடைத்தால் கடன் தள்ளுபடி ஆகிவிடுமா?

ஆகாது. தள்ளுபடி என்றால் கடனே இல்லையென்றாவது. வட்டி மானியம் என்றால் குறிப்பிட்ட காலத்து வட்டியை அரசு உங்களுக்குப் பதிலாக வங்கிக்குக் கட்டுவது. அசல் முழுவதும் உங்களுடையது; மொரட்டோரியம் முடிந்த பின் வரும் வட்டியும் உங்களுடையது.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தகுதியுள்ள நிறுவனத்தில் தொழில்நுட்ப அல்லது தொழிற்படிப்பில் சேர்ந்தவருக்கு மொரட்டோரியக் காலத்தின் முழு வட்டியையும் மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. மேலே கண்ட எடுத்துக்காட்டில் அந்த 1,40,000 ரூபாய் முழுவதும் மறைந்துவிடும் என்பதால், இதற்கு விண்ணப்பிக்க மறப்பது பெரிய இழப்பு. படிப்பைப் பாதியில் நிறுத்தினால் மானியம் போய்விடும். மருத்துவக் காரணம் விலக்கு.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம், 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில், மொரட்டோரியக் காலத்துக்கு 3 சதவீத வட்டி மானியம் தருகிறது. வங்கி 10 சதவீதம் கேட்டால் 7 சதவீதம் உங்கள் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். தேசியத் தரவரிசை அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களுக்கு மட்டுமே இத்திட்டம் பொருந்தும். தொடக்கப் பட்டியலில் 860 நிறுவனங்கள் இருந்தன. வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறுபவருக்கு இந்த 3 சதவீதம் இல்லை. 2015இல் தொடங்கிய வித்யாலட்சுமி இணையதளம் பல வங்கிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் வழி மட்டுமே. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடன் "சாங்ஷன்" ஆகிவிட்டது என்றார்கள், ஆனால் கல்லூரிக்குப் பணம் வரவில்லை. ஏன்?

சாங்ஷன் என்பது இவ்வளவு தரச் சம்மதம் என்ற கடிதம். பணம் போவதைத் தொகை விடுவிப்பு என்பார்கள். அது பருவந்தோறும் அல்லது ஆண்டுதோறும், கல்லூரியின் கட்டணக் கோரிக்கைக் கடிதத்தையும் முந்தைய பருவ மதிப்பெண் பட்டியலையும் பார்த்து நடக்கும். ஒவ்வொரு முறையும் மாணவர் வங்கிக்குப் போக வேண்டும். கட்டணக் கெடு நாளுக்கு இரண்டு வாரம் முன்பே போவது நல்லது.

மாறும் வட்டி என்றால் எப்போது மாறும்?

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டித் தனிநபர் கடன்கள் (கல்விக் கடனும் இதில் அடங்கும்), ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வீதம் போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டு, குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்படுகின்றன. வீதம் ஏறினால் தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வங்கி உங்களுக்குத் தர வேண்டும். இத்தகைய கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. வங்கியல்லாத நிதி நிறுவனங்களின் வட்டி இந்த வெளி அளவுகோல் விதிக்குள் வராது; படிக்கும்போதே அவர்கள் தவணையில் ஒரு பகுதியைக் கேட்பதும் உண்டு. விரைவாகக் கடன் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிபில் மதிப்பெண் குறைவு என்று கடனை மறுக்கலாமா?

300 முதல் 900 வரை போகும் இந்த மதிப்பெண், முன்பு வாங்கிய கடன்களை ஒருவர் எப்படிக் கட்டினார் என்பதைக் காட்டுகிறது. மாணவரின் குறைந்த மதிப்பெண்ணை மட்டும் காரணமாக்கிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. நடைமுறையில் வங்கிகள் பெற்றோரின் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. நகைக் கடனோ இருசக்கர வாகனக் கடனோ தவறியிருந்தால் அது இங்கே வந்து நிற்கும். மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கல்விக் கடனுக்கு வருமான வரிச் சலுகை உண்டா?

செலுத்திய வட்டிக்கு மட்டும் உண்டு, அசலுக்கு இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80இ பிரிவு, வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டு முதல் எட்டு ஆண்டுகளுக்கு உச்சவரம்பின்றி இதை அனுமதித்தது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இது பொருந்தாது.

வேலை கிடைக்கவில்லை, தவணை தொடங்கிவிட்டது. என்ன நடக்கும்?

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அதை வாராக்கடன் என்று வகைப்படுத்தும். அதன்பின் மாணவரின் பெயரும் இணைக் கடன்தாரரான பெற்றோரின் பெயரும் கடன் தகவல் பதிவேட்டில் கெடும். 90 நாள் முடியும் முன்பே வங்கிக்குப் போய், வேலையில்லை என்பதை எழுதிக் கொடுத்து, தவணை மறுசீரமைப்புக் கேட்பதே சரியான வழி. மொரட்டோரியத்தை நீட்டிக்கவோ முதல் சில ஆண்டுகளுக்குத் தவணையைக் குறைவாக வைக்கவோ வங்கிகளுக்கு இடமுண்டு. தேர்தல் காலத்தில் தள்ளுபடி வரும் என்று காத்திருந்து தவணையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறிவிப்பு வரவில்லை, வட்டி வந்தது.

கடன் முழுவதும் கட்டி முடித்த பிறகு எதை வாங்கிக்கொள்ள வேண்டும்?

கணக்கு முடிந்ததற்கான நிலுவையில்லாச் சான்றிதழை வாங்குங்கள். ஓரிரு மாதம் கழித்து சிபில் பதிவில் அந்தக் கடன் "முடிக்கப்பட்டது" என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சொத்துப் பத்திரத்தைப் பிணையாகக் கொடுத்திருந்தால், கடன் முடிந்த 30 நாட்களுக்குள் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.